சாம்பாரை எதில் கட்டிக் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடைகளில் நெகிழிச் சோதனை நடந்தது, இத்தனை கிலோ பறிமுதல், இவ்வளவு அபராதம் என்ற செய்திகளைத் தங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறேன். அந்த அபராதக் கணக்கில் ஒருமுறை சேர்ந்தவன் என்பதாலும், ஈரோடு கருங்கல்பாளையத்தில் பதினெட்டு ஆண்டுகளாக இட்லி, தோசைக் கடை நடத்தி வருபவன் என்பதாலும் இதை எழுதுகிறேன். தடை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. காலிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியிருக்கும் நாளில் கரையில் நின்று பார்த்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அங்கே சேற்றில் புதைந்து கிடக்கும் கவர்களில் என் கடையிலிருந்து போனவையும் இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை.

2018 ஜூன் மாத அரசாணைப்படி, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை நெகிழிப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. உணவு கட்டும் தாள், கேரி பேக், உறிஞ்சுகுழல், தெர்மாகோல் தட்டு ஆகியவற்றுடன், உள்பக்கம் நெகிழி பூசிய காகிதக் கப்பும் அதில் அடக்கம். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தடைப்பட்டியலில் அந்தக் கப் இல்லை. கேரி பேக்கையும் அதன் தடிமன் 120 மைக்ரானுக்குக் குறையாமல் இருந்தால் மத்திய விதி அனுமதிக்கிறது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தமிழ்நாட்டில் எத்தனை மைக்ரானாக இருந்தாலும் அது தடை செய்யப்பட்ட பொருளே. காகிதக் கப்புக்கு மாநிலம் விதித்த தடை செல்லும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. ஆயினும் மொத்தக் கடையில், "நூற்றிருபது மைக்ரான், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்று சொல்லித்தான் கட்டுக்கட்டாக எடுத்துக் கொடுக்கிறார்கள். மைக்ரானை அளந்து பார்க்கும் கருவி என்னிடம் இல்லை. சோதனைக்கு வந்தவர்கள் கையிலும் அதை நான் பார்த்ததில்லை.

டீக்கடைக்காரருக்காவது ஒரு வழி இருக்கிறது. கண்ணாடி டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிடலாம். கொரோனாவுக்குப் பிறகு டம்ளரைக் கண்டால் முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்கள் கூடிவிட்டார்கள் என்பது வேறு கதை. பார்சல் கட்டும் எங்களுக்குத்தான் சிக்கல். கோபி, சத்தியமங்கலம் பக்கமிருந்து வரும் வாழை இலையில் தோசையையும் இட்லியையும் கட்டிவிடலாம். முகூர்த்த நாட்களில் இலைக்கட்டின் விலை ஏறினாலும் சமாளித்துவிடுகிறோம். இலைக்கு மேலே செய்தித்தாளைச் சுற்றினால், அச்சிட்ட தாளில் உணவைப் பொதியக் கூடாது என்ற 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி குறுக்கே நிற்கிறது. அதுவும் நியாயமான விதிதான். அச்சு மை வயிற்றுக்குள் போக வேண்டும் என்று யார் சொல்வார்கள்? எனவே வெள்ளைத் தாளுக்கு மாறிவிட்டோம். ஆனால் கொதிக்கக் கொதிக்க இருக்கும் சாம்பாரையும் இரண்டு வகைச் சட்னியையும் எதில் ஊற்றுவது? பாக்குமட்டைத் தொன்னைக்கு மூடி இல்லை. மக்கும் கவர் என்று அச்சிட்டு விற்கப்படுவதை வாங்கிப் பார்த்தேன். சூடு பட்டதும் இளகி, வாடிக்கையாளரின் வண்டி அடுத்த தெருவைத் தாண்டுவதற்குள் ஒழுகிவிட்டது. அலுமினியம் போல மின்னும் சில்வர் கவரின் உள்பக்கமும் நெகிழிதான்.

மீதமிருப்பது மூடி போட்ட கெட்டி டப்பா. பெரிய உணவகங்கள் அதைத்தான் தருகின்றன. பார்சல் கட்டணம் என்று தனியாக வாங்கியும் விடுகின்றன. மெல்லிய கவரைவிடப் பல மடங்கு நெகிழி அதில் இருக்கிறது, அதையும் ஒரு வேளை தின்றுவிட்டுக் குப்பையில்தான் எறிகிறார்கள், ஆனால் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாற்பது ரூபாய்க்கு இட்லி பார்சல் வாங்குபவரிடம், குழம்புக்கும் சட்னிக்குமாக மூன்று டப்பாவின் விலையைச் சேர்த்து என்னால் கேட்க முடியாது.

சென்ற ஆண்டு சோதனையின்போது என் கடையில் இருந்த கவர் அரைக் கிலோவுக்கும் குறைவு. சிறு கடைகளுக்கு முதல் முறை 100 ரூபாய், மளிகை போன்ற நடுத்தரக் கடைகளுக்கு 1,000 ரூபாய் என்று அபராதம் வகுக்கப்பட்டிருக்கிறது. நான்கு மேசை போட்ட என் கடை இதில் எந்த வகை என்று கேட்டேன். பதில் கிடைக்கவில்லை, 1,000 ரூபாய்க்கு ரசீதுதான் கிடைத்தது. பணம் போனதைவிட வருத்தம் தந்தது, கவரை எங்கே வாங்கினீர்கள் என்று ஒரு வார்த்தைகூட அவர்கள் கேட்காததுதான். இருப்பு வைத்து விற்பவருக்கு 25,000 ரூபாயில் தொடங்கி ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு என்கிறார்கள். அந்தப் பிரிவு எங்கள் கடைவீதிப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு, வீட்டிலிருந்து தூக்குப்போசி, அதாவது பிடி வைத்த தூக்குப் பாத்திரம், கொண்டு வந்தால் பில்லில் மூன்று ரூபாய் குறைவு என்று எழுதி மாட்டினேன். பக்கத்துத் தறிப்பட்டறைகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் மறு வாரமே போசியோடு வரத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் அது மறந்துபோன பழக்கம் அல்ல, இடையில் விட்டுப்போனது மட்டுமே. வேலை முடிந்து போகிற வழியில் வண்டியை நிறுத்துபவர்கள்தான் வெறுங்கையோடு வருகிறார்கள். அவர்களுக்காக முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் டப்பாவில் கொடுத்துப் பார்த்தேன். ஒரு டப்பாவைத் திருப்பித் தர என் ஒரு கடைக்கே மெனக்கெட்டு வர வேண்டியிருந்ததால் அது நிலைக்கவில்லை. எந்தக் கடையில் வாங்கினாலும் எந்தக் கடையிலும் திருப்பித் தரலாம் என்று ஒரு வீதியிலுள்ள கடைகள் சேர்ந்து செய்தால் நடக்கும். பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைக்க முடிந்த அரசுக்கு, முதல் தவணைப் பாத்திரங்களை வாங்கிக் கொடுத்து ஒரு வீதியில் இதைச் சோதித்துப் பார்ப்பது பெரிய காரியம் அல்ல.

அதுவரை மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது இரண்டுதான். கவர் பிடிபடும் கடைக்காரரிடம் அதை வாங்கிய இடத்தைக் கேட்டு எழுதி, அபராதத்தை அங்கிருந்து தொடங்க வேண்டும். சூடான குழம்பு கட்ட எந்தப் பொருளுக்கு அனுமதி உண்டு என்பதை, மாதிரியோடும் விலையோடும் ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் ஒரு பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். அப்படி ஒரு பொருளே இல்லை என்றால், அதையாவது அந்தப் பலகையில் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓர் இட்லிக் கடைக்காரர்,
கருங்கல்பாளையம், ஈரோடு.