தமிழ்ச் சபை மூப்பர்களுக்கு: நம் ஜெபக் குறிப்புகளில் நாம் ஏன் இல்லை?

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும்,

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

17 ஆண்டுகளாக எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்தி வருகிறேன். ஜெபக் குறிப்புகளை எழுதும் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. போன மாதம் அதைப் புரட்டிப் பார்த்தேன். ஊரில் சித்தப்பாவுக்கு அறுவை சிகிச்சை, அக்கா மகளுக்கு வரன், பிள்ளைகளின் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, யாரோ ஒருவரின் வேலை அனுமதி. எல்லாம் ஜெபிக்க வேண்டியவைதான். ஆனால் 'என் கோபம் அடங்கவில்லை' என்றோ, 'நான் மனதார ஜெபித்து ஆறு மாதமாகிறது' என்றோ ஒரு வரிகூட இல்லை. எழுதியவனான என்னைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

என் மகன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தி ஓராண்டுக்கு மேலாகிறது. "தம்பி எங்கே?" என்று கேட்டால் "கேம்ப்பில் இருக்கிறான்" என்பேன். தேசிய சேவையில், அதாவது கட்டாய இராணுவச் சேவையில், இருக்கும் பையனைப் பற்றி அப்படிச் சொன்னால் யாரும் மறுபேச்சு கேட்பதில்லை. அந்த ஞாயிறுகள் பலவற்றில் அவன் வீட்டில்தான் இருந்தான். ஆராதனை முடிந்த கையோடு, ஆலய வாசலில் நின்றபடி நான் சொன்ன பொய் அது.

ஏன் சொன்னேன் என்று யோசித்தால் இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஜெபக்கூட்டம் நடத்துகிறவன் வீட்டிலேயே இப்படியா என்று பேசுவார்கள் என்ற பயம், அதாவது பெருமை. இன்னொன்று, அவனைக் கர்த்தர் திருப்புவார் என்று நானே நம்பவில்லை. நம்பியிருந்தால் முதல் வாரமே ஜெபிக்கக் கேட்டிருப்பேன். யோவான் 5:44இல் ஆண்டவர் இந்த இரண்டையும் ஒரே கேள்வியில் கட்டிவிடுகிறார்: "ஒருவராலொருவர் மகிமையை ஏற்றுக்கொள்ளுகிற நீங்கள் எப்படி விசுவாசிப்பீர்கள்?" எத்தனையோ முறை வாசித்த வசனம். அந்தக் காலத்து யூதருக்குச் சொன்னது என்று கடந்து போயிருக்கிறேன்.

மாற்கு 9ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு மறுபடி வாசியுங்கள். வியாதிப்பட்ட மகனோடு ஒரு தகப்பன் இயேசுவைத் தேடி வருகிறான். சீஷர்களால் குணமாக்க முடியவில்லை. அவிசுவாசமே காரணம் என்று மத்தேயு 17:20 சொல்கிறது. அதற்குப் பிறகு கப்பர்நகூமுக்குப் போகிற வழியில் அந்தச் சீஷர்கள் எதைப் பற்றித் தர்க்கம்பண்ணினார்கள்? தங்களில் எவன் பெரியவன் என்று! ஒரு பிள்ளைக்கு உதவ முடியாமல் போன வெட்கம்கூட அந்தப் பேச்சை நிறுத்தவில்லை. அந்தத் தகப்பனோ ஜனக்கூட்டத்துக்கு நடுவில் கண்ணீரோடு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று சத்தமிடுகிறான். தன் விசுவாசம் குறைவு என்று ஊரறியச் சொன்னவனின் மகன்தான் சுகமாகிறான்.

எங்கள் கூட்டத்திலும் அப்படி ஒரு குரல் கேட்டது. துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் தம்பி ஒருவர், "அண்ணே, எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது. என்ன செய்யணும்னு தெரியல" என்றார். அறை அமைதியானது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று வசனங்களைச் சொல்லி, காலையில் சீக்கிரம் எழுந்து பழகச் சொன்னேன். 12 மணி நேரம் கட்டுமானத் தளத்தில் நிற்கிறவரிடம்! அவரோடு முழங்கால் படியிட எனக்குத் தோன்றவில்லை. அவர் கேட்டது என் கேள்வியும்தான் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

சில வாரம் கழித்து, மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது, மகனைப் பற்றி முதன்முதலில் அவரிடம்தான் சொன்னேன். அவர் ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஜெபித்தார். ஜெபம் வராது என்று சொன்ன அதே தம்பி.

ஐயாமாரே, அம்மாமாரே, உங்களிடம் கேட்பது இதுதான். சாட்சி நேரத்தில் வீடு வாங்கியதும் பதவி உயர்ந்ததும் வரட்டும், சந்தோஷமே. இன்னும் பதில் கிடைக்காத ஜெபத்தோடு நிற்கிறவருக்கும் அந்த மைக்கைக் கொடுங்கள். முதலில் உங்களில் ஒருவர் எழுந்து தன் பலவீனத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாதவரை விசுவாசிகள் யாரும் சொல்லமாட்டார்கள். அப்புறம், ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒருவரின் கஷ்டம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். பலர் வாய் திறக்காததற்கு அதுவும் காரணம். எல்லாவற்றையும் பெருமை என்று சொல்லிவிட முடியாது. விடுதிகளிலிருந்து வரும் தம்பிகளைக் கடைசி வரிசையிலும் நாற்காலி அடுக்கும் வேலையிலும் விட்டுவைக்காமல், ஜெபிக்கவும் வேதபாடம் நடத்தவும் கூப்பிடுங்கள். சபைக் குழுத் தேர்தல் வரும்போதும் அவர்களை நினையுங்கள்.

இந்த மடலை அனுப்புவதற்கு முன் மகனிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்தான். "அனுப்புங்கப்பா. இனிமே கேம்ப்னு மட்டும் சொல்லாதீங்க" என்றான்.

கர்த்தருக்குள்,
ஒரு வீட்டு ஜெபக்குழுத் தலைவர்