விடுதலைக்கு முன்பே சிம் கார்டும் லைசென்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறைவாசிகளின் மறுவாழ்வு என்றாலே தையல், தச்சு, பேக்கரிப் பயிற்சி என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பயிற்சி வேண்டியதுதான். ஆனால் புழலிலிருந்தோ பாளையங்கோட்டையிலிருந்தோ வெளியே வருபவரை முதல் மாதத்தில் முடக்கிப்போடுவது பெரும்பாலும் காகிதங்கள்.

முதலில் போவது சிம் கார்டு. 90 நாள் பயன்படுத்தாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படலாம். அந்த எண் பிறகு வேறொருவர் கைக்கும் போகலாம். ஆதாருக்கான ஓ.டி.பி. மட்டும் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கு செயலற்றதாகிவிடும். அதை மீட்கக் கட்டணம் கிடையாது, எந்தக் கிளையிலும் கே.ஒய்.சி. எனும் அடையாள ஆவணங்களைக் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. கவுன்டரில் கிடைக்கும் பதிலோ, "உங்க பிராஞ்சுக்கே போங்க." கணக்கு இல்லாதவருக்குக் கையில் கூலி தரும் வேலைதான் மிச்சம். அப்படிக் கூப்பிட்டுக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் பல நேரம் பழைய கூட்டாளிகள்.

ஓட்டுநர்கள் பாடு இன்னும் மோசம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, லைசென்ஸ் காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக்காட்டித் தேற வேண்டும். அதற்குள் வயிற்றுப்பாட்டுக்கு வண்டியை எடுத்தால் புது வழக்கு. கைதின்போது பறிமுதலான செல்போனும் ஆவணங்களும் நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கும். அவற்றைத் திருப்பித் தரத் தீர்ப்பிலேயே உத்தரவு உண்டா என்று பார்த்து, இல்லாவிட்டால் மனு போட வேண்டும். கேட்காதவரை அவை அங்கேயே கிடக்கும்.

இவற்றை உள்ளிருக்கும்போதே முடிக்க வழி உண்டு. தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், 1982, விடுதலைக்குப் பிந்தைய பிழைப்புக்கு ஏற்பாடு செய்வதையும் சிறைவாசி சில நாள் வீட்டுக்குப் போய்வரும் சாதாரண விடுப்புக்கான காரணமாகச் சொல்கிறது. கல்யாணம், வீட்டு மராமத்து என்று எழுதும் மனுவில் இதையும் எழுதலாம். விடுதலைக்கு மூன்று மாதம் முன்னதாக நன்னடத்தை அலுவலர் ஒவ்வொருவரிடமும் ஆதார், வங்கி, லைசென்ஸ் மூன்றையும் விசாரித்துக் குறித்துக்கொண்டு, சிறைக்குள்ளேயே ஆதார் முகாம் போட வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

அபராதம் கட்ட முடியாமல் கூடுதலாகச் சிறையில் கிடப்பவருக்கு 25,000 ரூபாய் வரையும், ஜாமீன் தொகை இல்லாத விசாரணைக் கைதிக்கு ஜாமீனுக்கான பண உதவியும் ஏழைச் சிறைவாசிகளுக்கான மத்திய அரசின் 2023 திட்டத்தில் கிடைக்கும். மாவட்டக் குழுதான் முடிவு செய்கிறது. அங்கே பெயர் போய்ச் சேர, சிறைச் சட்ட உதவி மையத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ச்சொல் எங்கும் பதிவாகாது.

கடைசியாக, காவல் நிலையம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-வது பிரிவு என்றார்கள், இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 129-வது பிரிவு. அதன்கீழ் எழுதிக் கொடுத்த நன்னடத்தைப் பிணையை மீறினால், பத்திரத்தில் எழுதிய தொகையைக் கட்ட நேரிடலாம். பலருக்கு அந்தப் பிணை எந்தத் தேதியில் முடிகிறது என்றே தெரிவதில்லை. கோட்டாட்சியரின் உத்தரவு நகலைக் கையெழுத்திடும் அன்றே கேட்டு வாங்கி வீட்டில் கொடுத்துவைப்பது நல்லது.

— சட்ட உதவித் தன்னார்வலர்கள், மதுரை