டாக் செய்யுமுன் பாதி வேலை

கிருஷ்ணகிரி

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே மாம்பழ மண்டியில் செந்தூரா ஓய்ந்து நீலம் வந்துவிட்டது.

ரோபோ வைத்து நுரையீரல் ஆபரேஷன் நடக்கும்போது அரெஸ்ட் ஆனால், அதாவது இதயம் நின்றுபோனால், என்ன செய்வதென்று கேட்டிருந்தாய். பாதி வேலை டாக் செய்யுமுன்பே, அதாவது ரோபோவின் கைகளை நோயாளிமேல் பொருத்துமுன்பே, முடிந்திருக்க வேண்டும். நோயாளி ஒருக்களித்துக் கிடப்பார், மேலே ரோபோவின் நான்கு கைகள். அப்போது டிஃபிப் பேடு (இதயத்துக்கு மின் ஷாக் கொடுக்கும் ஒட்டுப்பட்டை) ஒட்ட இடமிருக்காது. துணி போர்த்துமுன் மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று, இதயம் நடுவில் வருமாறு ஒட்டிவிடு. பெட்டாடின் வழிந்து அடியில் போனால் பேடு பிடிக்காது, ஷாக்கில் தோலும் வெந்துவிடும். தொப்பூர் இறக்கத்தில் வந்தா பிரேக்கைச் சோதிப்பது?

பி.பி. திடீரென்று சரிந்தால் ஊசியைத் தேடுமுன் நெஞ்சுக்குள் செலுத்தும் வாயுவை நிறுத்தச் சொல், போர்ட் (கருவி நுழையும் குழாய்) வால்வைத் திறக்கச் சொல். கார்பன் டை ஆக்சைடு 5 முதல் 8 மி.மீ. அழுத்தத்தில் போகும், அது ஏறினால் பெருஞ்சிரை அமுங்கி, இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. நுரையீரல் வேரை இழுக்கையில் துடிப்பு விழுந்தால் இழுப்பதை விடச் சொல். அப்படியும் ஏறாவிட்டால் அட்ரோபின் 0.6 மி.கி.

அரெஸ்ட்டே ஆகிவிட்டால் அவசரத்தில் ரோபோவின் கையைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். கருவி கவ்வியிருந்தால் நுரையீரல் தமனி கிழியும். கேமராவில் பார்த்துக்கொண்டே கருவியின் தாடையைத் திற, கருவியை உருவு, கையைக் கழற்று, பிறகு ரோபோ வண்டியைத் தள்ளு. தாடை திறக்காவிட்டால் திருகித் திறக்கும் சாவி ஒன்று உண்டு; அதை ரோபோவிலேயே தொங்கவிடு, அலமாரியில் பூட்டாதே. ரத்தப்போக்கு என்றால் துணியால் அழுத்தும் ரோபோ கையை மட்டும் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

கைகள் கழன்றதுமே ஒருவர் முன்னிருந்து நெஞ்சை அழுத்த, இன்னொருவர் முதுகைத் தாங்கட்டும், நிமிடத்துக்கு 100–120. கேப்னோவில் (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி) 10க்குக் கீழே நின்றால் அழுத்தம் போதவில்லை, மல்லாத்திப் போடு. வி.எஃப். (இதயம் ஒழுங்கின்றி நடுங்குவது) என்றால் உடனே 200 ஜூல் ஷாக். அட்ரினலின் 1 மி.கி., 3–5 நிமிடத்துக்கு ஒருமுறை.

கன்சோலில் உட்கார்ந்து ரோபோவை இயக்கும் சர்ஜன் கை கழுவி கவுன் போட்டு வர நேரமாகும். பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கு நெஞ்சைத் திறக்கத் தெரியாவிட்டால் அந்த ஆபரேஷனையே எடுக்கக் கூடாது என்பேன்.

ஆபரேஷன் இல்லாத நாளில் மேஜையில் தலையணையைக் கட்டி, எத்தனை விநாடியில் ரோபோ கழன்று அன்டாக் ஆகிறதென்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்