தேதியை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்க்காலக் கேலிச்சித்திரங்களைச் சேகரிப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, எவற்றை வாங்கலாம், என்ன விலை கொடுக்கலாம் என்று விரிவாகச் சொன்னது. வாங்கிய பின் நாம் செய்யும் பாழைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பெங்களூரு அவென்யூ சாலையின் ஞாயிற்றுக்கிழமைக் கடைகளில் பல ஆண்டுகளாகப் பழந்தாள் தேடி வருபவன் என்ற முறையில் அதை எழுதுகிறேன்.

கேலிச்சித்திரக்காரர் டேவிட் லோ வரைந்த ஒரு சித்திரத்தில், அலையடிக்கும் பாறைமேல் நின்று ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் வானத்தை நோக்கி முஷ்டியை உயர்த்துகிறான். அது லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் வந்தது 1940 ஜூன் 18 அன்று என்று தெரிந்தால்தான், பிரான்ஸ் போர்நிறுத்தம் கேட்டது அதற்கு முந்திய நாள் என்பதும், அவன் தனித்து நிற்பதன் பொருளும் விளங்கும். பழைய தொகுதிகளைப் பிரித்துப் படத்தை மட்டும் கத்தரித்து விற்பவர்கள் குப்பையில் போடுவது அந்தத் தேதியைத்தான்.

செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய படங்களில், 1735இல் நடைமுறைக்கு வந்த ஆங்கிலேயச் சட்டத்தின்படி, வெளியான நாள் படத்தின் அடியிலேயே பொடியெழுத்தில் இருக்கும். 1791இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பின்வாங்கியதை, அக்கால ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே கேலி செய்த படம் ஒன்று என்னிடம் உண்டு. (கோட்டைமேல் நின்று திப்பு செய்யும் காரியத்தை இங்கே எழுத இயலாது.) அதைக் கண்ணாடிச் சட்டகம் போடக் கொடுத்தேன்; கடைக்காரர், ஓரம் கோணலாக இருக்கிறதென்று அடியில் ஒரு விரற்கடை நறுக்கி, பசை தடவி, பிளைவுட்டில் ஒட்டித் தந்துவிட்டார். தேதி வரி போயிற்று. கில்ரே இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1851 வாக்கில், போன் என்ற பதிப்பாளர் அதே தகடுகளைக் கொண்டு தாளின் இருபுறமும் மறுபடி அச்சிட்டார். பின்பக்கம் இன்னொரு படம் இருந்தால் அது அந்த மறு அச்சு. திருப்பிப் பார்க்கும் விவரம் அப்போது எனக்கில்லை. இனி பிளைவுட்டைத்தான் கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் நடந்தது இதைவிட மோசம். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துத் தைத்து பைண்டு செய்துவிட்டு, கார்ட்டூன் உள்ள மிச்சத்தைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டோம். அல்சூர், சிவாஜிநகர்ப் பரண்களில் இரண்டாம் உலகப்போர்க் காலத் தமிழ் இதழ் ஏதேனும் முழுதாக எஞ்சியிருந்தால், அன்பர்கள் அதைக் கத்தரிக்கவும் வேண்டாம், லேமினேஷன் செய்யவும் வேண்டாம்.

கட்டுரையுடன் தாங்கள் வெளியிட்ட நான்கு படங்களில் ஒன்றுக்கும் இதழின் பெயரோ தேதியோ இல்லை. அடுத்த ஞாயிறு அந்த விவரங்களையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு