வாத்துக்குஞ்சு கோழிக்குஞ்சு இல்லை, தம்பி

சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. அட்டைப் பெட்டி, அடியில் விரித்த நாளிதழ், ஆறு மஞ்சள் குஞ்சு, ஓரத்தில் ஜாம் பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர், பக்கத்தில் ரொட்டித் துண்டு. லாபிஸ் ஊர் பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், விற்றவர் "கோழிக்குஞ்சுக்குப் போடுறதையே போடுங்க" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் சொன்னது பாதி சரி. சொல்லாமல் விட்ட மீதிப் பாதியால்தான் இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சு நொண்ட ஆரம்பிக்கும்.

முதலில் அந்த நாளிதழை எடுத்துவிடு. வழுவழுப்பில் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும், அப்படியே பழகிவிட்டால் நேராக்குவது பெரும்பாடு. பழைய துவாலை போடு. மரத்தூள் இப்போது வேண்டாம். எது தீனி, எது தூள் என்று தெரியாத வயசு, விழுங்கிவிடும். ரொட்டியையும் எடு. வயிறு நிறையும், அதில் சத்து ஒன்றும் இல்லை. பெட்டியில் ஒரு மூலை மட்டும் 32 டிகிரி இருக்கும்படி விளக்கைத் தொங்கவிடு, மற்ற மூலை ஆறலாக இருக்கட்டும், வேண்டிய இடத்துக்கு அதுவே போய்க்கொள்ளும். வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வா. நம் ஊர் வெயிலுக்குப் பகலில் விளக்கே தேவைப்படாது, இரவும் மழை நாளும்தான் கணக்கு.

இனி தண்ணீர். ஜாம் மூடி போதவே போதாது. கோழி அலகை நனைத்துக் குடிக்கும். வாத்துக்கு மூக்கும் முழுக வேண்டும். அது தின்னும்போது தூள் தீனி பசை மாதிரி மூக்குத் துளையில் ஏறிக்கொள்ளும். தண்ணீருக்குள் முக்கி ஊதித்தான் அதை வெளியே தள்ளும். கண்ணைக் கழுவிக்கொள்வதும் அப்படித்தான். ஆழமில்லாத மூடியில் குடிக்கும் குஞ்சுக்கு நாலு நாளில் மூக்கடியில் காய்ந்த பொருக்கு கட்டும், கண்ணோரம் ஒட்டும். அதே சமயம் பெரிய பாத்திரம் வைத்தால் உள்ளே ஏறி உட்கார்ந்து, நனைந்து, விறைத்துச் செத்துவிடும். தாய் வாத்தோடு இருக்கும் குஞ்சுக்குத் தாயின் இறகிலுள்ள எண்ணெய் ஒட்டும், உன் குஞ்சுக்கு அது இல்லை. ஆகவே ஒரு கனமான கிண்ணத்தில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்று, கழுவிய கூழாங்கல்லை நெருக்கமாகப் போடு. கல் இடுக்கில் அலகு நுழையும், உடம்பு நுழையாது. வாரம் ஆக ஆகக் கல்லைக் குறைத்துக்கொண்டே போகலாம்.

தீனி இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. ஒரு வாய் தீனி, ஓடிப்போய் ஒரு வாய் தண்ணீர், திரும்ப வந்து ஒரு வாய் தீனி, இதுதான் அதன் வழக்கம். காய்ந்த தீனி மட்டும் விழுங்கினால் கழுத்தில் அடைத்துக்கொண்டு தலையை உதறும். நீ பள்ளிக்குப் போய்விட்டுப் பகல் இரண்டு மணிக்கு வரும்போது கிண்ணம் காலியாகக் கிடந்தால் சட்டென்று நிறைய ஊற்றிவிடாதே. தாகத்தில் அளவுக்கு மீறிக் குடித்துச் சுருண்டு விழும் குஞ்சும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. கிண்ணத்தைத் தீனித் தட்டுக்கு எதிர் மூலையில் வை, இல்லாவிட்டால் அரை நாளில் தட்டு முழுக்கச் சேறாகிவிடும்.

தீனிக்கு வருகிறேன். கடையில் கோழிக்குஞ்சு ஸ்டார்ட்டர், அதாவது குஞ்சுக்கான முதல் தீனி, கேள். முழுக் குச்சி வேண்டாம், குருணையாக உடைத்ததுதான் குஞ்சின் வாய்க்குச் சரி. பையில் "புரோட்டீன் காசார்" என்று மலாயில் போட்டிருக்கும், அதுதான் புரதத்தின் அளவு, அது 20 முதல் 22 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ரத்தக்கழிச்சலுக்கு மருந்து கலந்திருப்பதாகப் போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. அந்த மருந்தின் அளவு கோழியின் வயிற்றுக்குப் பார்த்துப் போட்டது. வாத்து அதைவிட அதிகம் தின்னும், மருந்தும் அதற்கேற்பக் கூடிப்போகும். முட்டைக் கோழித் தீனியும் குஞ்சுக்கு ஆகாது, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இவ்வளவும் சரியாக வாங்கினாலும் ஒரு குறை இருக்கிறது. நியாசின் என்கிற பி3 வைட்டமின் வாத்துக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீனியில் 55 மில்லிகிராம் அளவுக்கு வேண்டும். கோழிக்குஞ்சுக்கு அதில் பாதியைவிடச் சற்றுக் கூட இருந்தாலே போதும். கோழித் தீனியைக் கோழிக்கு ஏற்றபடிதானே செய்வார்கள்? அந்தக் குறை முதல் வாரம் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில், உடம்பு கனக்கும்போது தெரியும். குஞ்சு நாலு எட்டு வைத்து உட்காரும். மற்றவை ஓடும்போது இது இறக்கையை ஊன்றிக்கொண்டு வரும். முன்பக்கமிருந்து பார்த்தால் கால் வில்லாக வளைந்திருக்கும், நடு மூட்டு வீங்கியிருக்கும். பலர் அடிபட்டது என்று நினைத்து மஞ்சள் பற்று போட்டுக்கொண்டிருப்பார்கள், நாள் போய்விடும்.

இதற்கு ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள், அதாவது பீர் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டைக் காயவைத்த தூள், கலக்க வேண்டும். ஒரு கிலோ தீனிக்கு 50 கிராம், அதாவது ஏறக்குறைய ஐந்து ஆறு மேசைக்கரண்டி. தூள் அடியில் தங்கிவிடும். அதனால் அன்றன்றைய தீனியைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசறி, தூளை மேலே தூவிக் கலக்கு. கடையில் போய் "ராகி" என்று கேட்டுவிடாதே. மலாய்க்காரர் தப்பாய் என்கிற புளித்த பண்டத்துக்குப் போடும் ராகியை எடுத்துக் கொடுப்பார், நம் ஆட்கள் கேழ்வரகு மாவைக் கொடுப்பார்கள், இரண்டும் அது இல்லை. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும் வேண்டாம், அது உயிருள்ளது, வயிற்றுக்குள் போய்ப் பொங்கும். கால் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் தூள் மட்டும் போதாது. மருந்துக்கடையில் நியாசினமைடு சாதா மாத்திரை வாங்கி, நாலு லிட்டர் தண்ணீருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் கணக்கில் கரைத்து, தினமும் புதிதாக வை. மெதுவாகக் கரையும் வகை வேண்டாம். ஓரிரு நாளில் தெம்பு தெரியும். மூட்டு நன்றாக வளைந்து இறுகிவிட்டால் பிறகு நிமிராது.

எவ்வளவு தீனி என்று கேட்டிருந்தாய். முதல் மூன்று வாரம் அளக்காதே, தின்னும் வரை தின்னட்டும். வாங்குவதற்கு மட்டும் கணக்கு வைத்துக்கொள். முதல் வாரம் ஆறுக்கும் சேர்த்து ஒரு கிலோ சொச்சம், இரண்டாம் வாரம் இரண்டரை, மூன்றாம் வாரம் நாலு கிலோவுக்கு மேல். மலிவு என்று 25 கிலோ மூட்டை தூக்கி வராதே, ஐந்து ஐந்து கிலோவாக வாங்கு. நம் ஊர் ஈரத்தில் மூட்டையின் அடி முதலில் கட்டியாகும், உடைத்தால் உள்ளே பச்சை சாம்பல் நிறத்தில் பூசணம் நூல் விட்டிருக்கும், பழைய கிடங்கு வாடை அடிக்கும். அந்தக் கட்டியை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைப் போடலாம் என்று நினைக்காதே. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் செத்தது பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கால்தான், வாத்துக்குஞ்சுகளும் அதில் போயின. அப்லாடாக்சின் என்கிற நஞ்சைக் கண்டுபிடித்தது அதிலிருந்துதான். பிறகு அந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வுக்கூடங்களில் ஒரு நாள் வயது வாத்துக்குஞ்சையே பயன்படுத்தினார்கள். அவ்வளவு சீக்கிரம் அதன் ஈரல் கெடும். தீனியை மூடி இறுகும் வாளியில் போட்டு, தரையில் வைக்காமல் பலகைமேல் வை. தண்ணீர் பிசறிய தீனி இரண்டு மணி நேரத்தில் புளிக்கும், மிச்சத்தைக் கொட்டிவிடு.

கீரை கொடுக்கலாம். கங்கோங்கைப் பொடியாக அரிந்து தண்ணீரில் மிதக்க விடு, அள்ளி அள்ளித் தின்னும். தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள். கீரை, புழு என்று எது கொடுக்கத் தொடங்கினாலும் ஒரு சிறு தட்டில் பருமணல் வை. பல் இல்லாத பிராணி, மணல்தான் அதன் அம்மி. தோட்டத்து லோங்காங், அதாவது வடிகால், ஓரத்துக் கங்கோங் மட்டும் வேண்டாம். செம்பனை அடியில் களைக்கொல்லி அடிப்பார்கள். பாராகுவாட் 2020இல் தடையானாலும் மற்ற மருந்துகள் அடிக்கிறார்கள், மழையில் எல்லாம் அங்கேதான் இறங்கும். எலிக்கு வைக்கும் நஞ்சு வேறு மரத்தடியில் கிடக்கும். வளர்ந்த பிறகும் வாத்தை வேலிக்குள்ளேயே மேயவிடு.

மீந்த குழம்புச் சோறு போடாதே. காரத்துக்குச் சொல்லவில்லை, பறவைக்கு மிளகாய்க் காரம் தெரியாது. உப்புதான் எமன். நெத்திலியும் அப்படித்தான். உப்புப் போடாமல் அவித்த சின்ன மீன் என்றால் நல்லது, அதில் நியாசினும் உண்டு. ஆவகாடோ, சாக்லேட், வெங்காயம், வேகாத காய்ந்த பயறு எதுவும் ஆகாது. நீ பரீட்சைத்தாள் திருத்தும் மேசையடியில் விடாதே. மின்னுவது எதுவாக இருந்தாலும் விழுங்கும், ஸ்டேப்ளர் கம்பி ஒன்று போதும்.

மூன்று வாரம் முடிந்ததும் 16 முதல் 18 சதவீதத் தீனிக்கு மாற்று, ஒரே நாளில் அல்ல, ஐந்தாறு நாளில் கலந்து கலந்து. புரதம் கூடிய பழைய தீனியிலேயே விட்டால் உடம்பு வேகமாக வளர்ந்து, இறக்கை நுனியின் கனத்தை மணிக்கட்டு தாங்காமல் வெளிப்பக்கம் திரும்பிவிடும். கத்தி செருகிய மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். கண்டதும் இறக்கையை இயல்பாக மடக்கி, மெல்லிய துணிப்பட்டையால் மூன்று நாலு நாள் தளர்வாகக் கட்டி வை. எலும்பு முற்றுவதற்குள் செய்தால் திரும்பும். ஈஸ்ட் தூளை இந்தத் தீனியிலும் நிறுத்தாதே. வளர்ந்த வாத்துக்கு இனத்தைப் பொறுத்து நாளுக்கு 150 முதல் 200 கிராம்.

ஐந்து மாதத்துக்கு மேல், முட்டை இடத் தொடங்கினால்தான் முட்டைத் தீனி. அதோடு கெராங் சிப்பியின் ஓட்டை அவித்துக் காயவைத்து அரிசி அளவுக்கு நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வை, தீனியோடு கலக்காதே. பெட்டைக்கு எவ்வளவு வேண்டும் என்று அதற்கே தெரியும், சேவலுக்கு அது வேண்டியதே இல்லை.

அடுத்த ஞாயிறு படம் அனுப்பும்போது மேலேயிருந்து எடுக்காதே. பெட்டியைச் சாய்த்து, ஆறும் உன்னை நோக்கி நடந்து வரும்போது தரையளவில் வைத்து எடு. எனக்கு முகம் வேண்டாம், கால் தெரிய வேண்டும்.

அம்மா