குழுப்படத்துக்கு முன் பேட்டரியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தாங்கள் செய்த சிறு செயற்கைக்கோளுடன் கல்லூரி மாணவர்கள் ஸ்ரீஹரிகோட்டா போனால் நாளிதழ்களில் குழுப்படம் வருகிறது. படத்தில் நாற்பது பேர் நிற்பார்கள். ஏவுதளத்தில் வேலை இருப்பது மூன்று, நான்கு பேருக்குத்தான். மற்றவர்கள் இணையத்தில் பதிவு செய்துகொண்டு, 5,000 பேர் உட்காரும் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்க்கலாம். சூலூர்பேட்டை வரை ரயில் இருக்கிறது.

அந்த நால்வரும் அங்கே புதிதாக எதையும் செய்யக் கூடாது. பாக்கிங்கைப் பிரித்து, பேட்டரி வோல்ட் அளந்து, சார்ஜ் ஏற்றி, மின்சுற்றைத் தடுத்துவைக்கும், சிவப்புப் பட்டி கட்டிய பாதுகாப்பு ஊசியை உருவி ஒப்படைத்தால் வேலை முடிந்தது. 'மென்பொருளில் ஒரு சின்னத் திருத்தம்' என்று லேப்டாப்பைத் திறப்பதுதான் வம்பு.

அதிகம் காலை வாருவது பேட்டரி. ஒப்படைத்த பிறகு ராக்கெட் கிளம்ப வாரக்கணக்கில் ஆகலாம். வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானால் இன்னும் தள்ளிப்போகும். ராக்கெட் முனையில் செயற்கைக்கோள்களை மூடும் வெப்பக் கவசம் மூடிவிட்டால் சார்ஜ் ஏற்றக் கை எட்டாது. 10 செ.மீ. கனசதுரச் செயற்கைக்கோளான கியூப்சாட்டில் பெரும்பாலும் 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல்கள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். கொள்ளளவு 2,600 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். வோல்ட் அளப்பதற்கான இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை, ராக்கெட்டிலிருந்து பிரியும்வரை மின்சாரத்தைத் துண்டித்துவைக்கும் பிரிப்பு சுவிட்சைத் தாண்டி வைக்காமல் பேட்டரி பக்கமே சாலிடர் செய்துவிடுகிறார்கள். 8 வோல்ட்டில் 0.4 மில்லி ஆம்பியர் இரவும் பகலும் கசியும். 60 நாளில் 576 மில்லி ஆம்பியர் மணி, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், காலி. இதைக் கல்லூரி மேசையிலேயே பிடித்துவிடலாம். ராக்கெட்டில் இருப்பதுபோலப் பிரிப்பு சுவிட்சுகளை அழுத்திக் கட்டிவிட்டு, பேட்டரியோடு தொடராக மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியரில் வையுங்கள். முள்ளோ எண்ணோ நூறுகளில் நின்றால் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள்.

அடுத்தது ஆன்டெனா. கொத்தனார் டேப்பை வெட்டியது போன்ற எஃகுப் பட்டை. 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 50 செ.மீ. நீளம். அதைச் சுருட்டித் தூண்டில் நரம்பால் கட்டுகிறார்கள்; விண்வெளியில் நிக்ரோம் கம்பி சூடேறி நரம்பை அறுக்கும். நைலான் நரம்பு ஈரத்தை உறிஞ்சித் தளரும். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஈரத்துக்கா பஞ்சம்? முடிச்சு நழுவிப் பட்டை 6.5 மி.மீ.க்கு மேல் துருத்தினால், செயற்கைக்கோளை வைத்திருந்து வெளியே தள்ளும் ஏவுபெட்டிக்குள் சிக்கும் அபாயம் உண்டு. பாலிஎதிலீன் பின்னல் நூலால் கட்டி, முடிச்சில் ஒரு துளி எபாக்சி வைத்தால் நகராது.

ஆன்டெனா விரிய, செயற்கைக்கோள் ராக்கெட்டிலிருந்து பிரிந்ததிலிருந்து 30 நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது விதி. சோதனைக்காக அதை 30 விநாடியாகக் குறைத்தவர்கள் திரும்ப மாற்றினார்களா என்று வேறொருவர் பார்க்கட்டும்.

குலசேகரன்பட்டினம் ஏவுதளம் வந்துவிட்டால் தென்மாவட்டக் கல்லூரிகளும் வரிசையில் நிற்கும். அடுத்த குழுப்படத்தை வெளியிடும்போது, கசிவு மின்னோட்டம் எவ்வளவு என்றும் உங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சிறு செயற்கைக்கோள் ஒருங்கிணைப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
சென்னை