பாடும் மீனுக்கு அம்புக்குறி எதற்கு?

மட்டக்களப்பில் கேம் செய்யப் புறப்பட்டிருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன கிழமை நீங்கள் நாலு பேரும் என் கடையில் பிரிண்ட் எடுக்கத் தந்த கேம் திட்டத்தின் முப்பத்திரண்டு பக்கத்தையும் நான் வாசித்துவிட்டேன். கேட்காமல் வாசித்தது பிழைதான். ஆனால் முதல் பக்கத்திலேயே ‘எல்டன் ரிங் மாதிரி, எங்கட ஊரில்’ என்று எழுதிக் கிடந்தால் யாருக்குத்தான் கை நிற்கும்? பிறகு நான் ஒத்துக்கொண்டபோது நீங்கள் சிரித்துவிட்டு, “என்ன பிழை இருக்கென்று எழுதியே தாங்க அண்ணா” என்றீர்கள். இதே ஆசையோடு வந்தாறுமூலையிலும் கல்முனையிலும் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் பொதுவாகவே எழுதுகிறேன்.

எல்டன் ரிங், பெரிய உலகமொன்றில் சுற்றித் திரிந்து சண்டை போடுகிற அந்தக் கேம், வந்தது 2022 பெப்ரவரி 25ஆம் திகதி. அந்த நேரம் உங்களுக்கு ஓஎல் பரீட்சை எழுதும் வயதுகூட இருந்திருக்காது. அமெரிக்காவில் அதன் விலை 60 டொலர். டொலர் 200 ரூபாயாக இருந்தபடியால் பன்னிரண்டாயிரம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இரண்டு கிழமைக்குள் ரூபாய் சரியத் தொடங்கியது. மே மாதம் டொலர் 360. அதே கேம் இருபத்தோராயிரத்தைத் தாண்டிவிட்டது. அதற்குள், குறைந்தது 12 ஜிபி ரேம் வேண்டும் என்று பெட்டியில் போட்டிருந்ததால் அதற்கும் காசு தேட வேண்டியிருந்தது. இதையெல்லாம் சொல்வது புலம்பலுக்கு இல்லை. அவ்வளவு கொடுத்து வாங்கியவன் ஒரு கேமை எவ்வளவு உற்றுப் பார்த்திருப்பான் என்று உங்களுக்கு விளங்கட்டும்.

முதலில், அதிலிருந்து நீங்கள் கட்டாயம் எடுக்க வேண்டியது. கேம் தொடங்குகிற நிலவறையை விட்டு வெளியே வந்தவுடன் கண்ணுக்கு முன்னால் லிம்கிரேவ் என்ற முதல் நிலப்பகுதி விரிந்து கிடக்கும். பின்னால், எங்கே நின்றாலும் தெரிகிற அந்தப் பொன்மரம். கீழே பாதையில் தங்கக் கவசம் போட்ட குதிரைவீரன் ஒருவன் உலாவிக்கொண்டிருப்பான். நான் நேரே போய் அடித்தேன். மூன்றே அடியில் செத்தேன். ஏழெட்டுத் தரம் செத்த பிறகுதான் மண்டையில் ஏறியது: அவனைத் தொடாமல் பற்றைக்குள்ளால் சுற்றிப் போகலாம். இதைக் கேம் வாய் திறந்து சொல்லவே இல்லை. ஆனால் ‘இப்போது முடியாதா, வேறு பக்கம் போ, பலமாகி வா’ என்ற பாடத்தை முதல் பத்து நிமிடத்திலேயே படிப்பித்துவிட்டது.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. லிம்கிரேவுக்குக் கிழக்கே காட்டுக்குள் ஒரு கல் மண்டபம். உள்ளே வட்டமான ஒரு லிஃப்ட். ஏறி மிதித்தால் கீழே போகும். போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். ‘என்ன, பழுதாகிப் போச்சா’ என்று நினைக்கிற நேரம் சுவர் விலகும். நிலத்துக்கு அடியில் ஒரு வானம், வானம் நிறைய நட்சத்திரம், கீழே ஆறு. சியோஃப்ரா என்று பெயர். நான் கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே போ என்று ஒருவரும் சொல்லவில்லை, வரைபடத்தில் அம்பு இல்லை, ‘புதிய பகுதி’ என்ற அறிவித்தல் முன்கூட்டி வரவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன் என்ற நினைப்புத்தான் அந்தக் காட்சிக்கு அவ்வளவு பலம் கொடுத்தது.

இப்போது உங்கள் பதினொன்றாம் பக்கத்துக்கு வருவோம். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு வாவியைக் கடந்து போகும் கதை அருமை. அம்பிளாந்துறைக்குப் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறிப் போவதை வைத்தது அதைவிட அருமை. ஆனால் கல்லடிப் பாலத்துக்குக் கீழே பாடும் மீன் இருக்கும் இடத்தில் மஞ்சள் அம்புக்குறி போட்டு, ‘இங்கே கேட்கவும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மக்காள், ஏன்? நிலா வெளிச்சத்தில் தோணியை மெல்ல விட்டு, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து அந்த மீன்பாட்டைக் கேட்பார்கள் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். விளையாடுகிறவன் தோணியை நிறுத்தட்டும், சத்தம் கூடுகிற பக்கம் தானே போகட்டும். பொன்மரத்துக்குப் பதிலாக உங்களுக்குக் குடும்பிமலை இருக்கிறது. கிரானுக்கு மேற்கே வயல்வெளிக்குள் போனவனுக்குத் திசை காட்ட அந்த ஒரு மலை போதும்.

சண்டையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்கள் என்னைவிட நன்றாக விளையாடுவீர்கள். ஒன்று மட்டும்: மார்கிட் என்ற பெரிய எதிரி தடியை ஓங்கிவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பானே, அதைப் பாருங்கள். பயத்தில் முதலே உருண்டவனுக்குத்தான் அடி விழும். வேகமான கையைவிட எண்ணிக்கை தெரிந்த காதுதான் அங்கே வெல்லும். மத்தளத் தாளம் தெரிந்த பிள்ளைகள் உங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். உங்கள் அசுரனின் அடிகளை அவர்களிடம் கொடுத்து அமைக்கச் சொல்லுங்கள்.

சரி, இனிப் பிழைகள்.

இடங்களைப் பற்றி வாய் மூடியிருந்தது போலவே மனிதர்களைப் பற்றியும் அந்தக் கேம் வாய் மூடியிருக்கிறது. அங்கேதான் எனக்கு அதோடு கோபம். மில்லிசென்ட் என்று ஒரு பெண். கேலிட் என்ற பகுதியில் நோயில் கிடப்பவளுக்கு ஓர் ஊசியைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்க வைப்போம். எழுந்து பயணம் போவாள். எங்கே? தெரியாது. அடுத்து எப்போது சந்திப்போம்? தெரியாது. மூன்று நாள் கடைவேலையில் ஓடித்திரிந்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்பதும் நினைவில் இல்லை. திரும்பப் பார்க்க ஒரு குறிப்பேடும் இல்லை. கேமை முடித்துவிட்டு யூடியூப்பில்தான் அவள் முடிவைப் பார்த்தேன். 2022 மார்ச்சில் வந்த திருத்தத்தில், சந்தித்தவர்களின் பெயர் வரைபடத்தில் விழும்படி செய்தார்கள். உதவிதான், ஆனாலும் கதைக்கு அது போதவில்லை.

ஒரு மலையைத் தவறவிட்டால் அது நாளைக்கும் அங்கேயே நிற்கும். ஆளைத் தவறவிட்டால் அந்தக் கதையே எனக்கு இல்லாமல் போகிறது. அதிலும் மிச்சக் கதையெல்லாம் கையில் கிடைக்கிற வாளுக்கும் மோதிரத்துக்கும் கீழே வரும் விவரக் குறிப்பில் பொடி எழுத்தில் கிடக்கிறது. பேச்சு ஆங்கிலம், எழுத்தில் தமிழ் இல்லை. ஆங்கிலம் மட்டுமட்டாகத் தெரிந்த நம் பிள்ளைகளுக்குப் பாதிக் கேம் பூட்டித்தான் கிடக்கிறது.

இதற்கு மருந்து நம்மிடம் இருக்கிறது. விடிய விடியக் கூத்து நடக்கும். பார்க்கிறவன் சாமத்தில் பாயில் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கண் விழிப்பான். அதனால் அவன் ஒன்றையும் இழப்பதில்லை. ராசா வர முன்னம் கட்டியகாரன் வந்து சொல்வான், பிறகு வருகிறவரே தன் வரவுப் பாட்டில் தான் யாரென்று பாடிவிடுவார். உங்கள் கேமில் ஒரு கட்டியகாரனை வையுங்கள். ஒவ்வொரு ஊர்ச் சந்தியிலும் நிற்கட்டும். கேட்டால் மட்டும், யார் எங்கே போனார், உன்னிடம் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று இரண்டு வரி பாடட்டும். அம்புக்குறி போடுகிற வேலை அவனுக்கு வேண்டாம்.

இரண்டாவது, நீளம். எல்டன் ரிங்கின் முதல் முப்பது மணித்தியாலம் போல் கடைசி முப்பது இல்லை. நிலவறைகள் ஒரே அச்சில் வார்த்தவை. ஆரம்பத்துக் கோட்டையில் கொன்ற கொட்ரிக்கின் அதே உடம்பு, பின்னால் வேறு பெயரோடு வந்து நிற்கும். பனிமலைக்குப் போனால் வெளி பெரிது, செய்ய வேலை கொஞ்சம், அடி மட்டும் இரண்டு மடங்கு. கடைசிப் பொஸ், அதாவது கடைசிப் பெரிய எதிரி, குளம் முழுக்க நீந்தி ஓட, நாம் காலால் துரத்த வேண்டும். அங்கே நாம் ஏறித் திரிகிற குதிரையைக் கூப்பிடவே 2024 வரை விடவில்லை. அவ்வளவு ஆளும் பணமும் உள்ளவர்களுக்கே அந்த அளவு உலகத்தை நிரப்ப முடியவில்லை. நீங்கள் நாலு பேர் நாற்பது நிலவறை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு செய்யுங்கள்.

நிறுத்தி வைக்கும் வசதியைத் தயவுசெய்து வையுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்தக் கேம் தானாகவே ஓயாமல் சேமிப்பதால், கரண்ட் வந்து திரும்பப் போட்டால் அநேகமாக விட்ட இடத்துக்குக் கிட்டவே நிற்பேன். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பொஸ்சின் உயிர் ஒரு விரற்கடைக்கு வந்திருக்கிற நேரம் அம்மா தேங்காய் திருவக் கூப்பிட்டால் நிறுத்த வழியில்லை. மெனுவுக்குள் ‘மெனு விளக்கம்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதைத் திறந்தால் மட்டும் எல்லாம் நிற்கும். அதை நான் அறிந்தது ஒரு வருடம் கழித்து. அதுவரை அம்மாவுக்கு “இந்தா வாறன்” என்பதே பதில்.

சனிக்கிழமை பின்னேரம் கடை நாலு மணிக்கே பூட்டு. செய்த வரைக்கும் பென்டிரைவில் கொண்டு வாருங்கள், என் கொம்பியூட்டரில் இப்போது 16 ஜிபி இருக்கிறது. முதலில் தோணி ஓடுகிற பகுதியை மட்டும் காட்டுங்கள். அம்புக்குறியை எடுத்துவிட்டு. பக்கத்து வீட்டுப் பொடியன் இந்த மாதிரிக் கேம் ஒன்றும் விளையாடியதில்லை, அவனை உட்கார வைத்து, நாங்கள் ஐந்து பேரும் வாய் திறக்காமல் பின்னால் நின்று பார்ப்போம்.

அன்புடன்,
கல்லடி பிரிண்ட் கடை அண்ணன்